ஒரே பெயர், வேறு வேறு சேம்பர்: மறுநிரப்பு உறைகள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ராணுவ ரைஃபிள்களைச் சேகரித்து, உரிமத்துடன் இலக்குச் சுடுதலுக்கு மட்டும் பயன்படுத்துவோரைப் பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அந்தத் துப்பாக்கிகளின் வரலாற்றைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் சுட்ட தோட்டா உறைகளை மறுபடி அளவாக்கிப் பயன்படுத்துவது பற்றி அவர் எழுதியுள்ள இரண்டு வாக்கியங்கள் என்னைப் பேனா எடுக்க வைத்தன. சுட்ட உறையை டையில் (உறையை நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) அடிவரை செலுத்தி அழுத்திவிட்டால் அது புதிய உறைக்குச் சமம் என்றும், பிறகு அதே பெயருள்ள எந்த ரைஃபிளிலும் அதைப் போடலாம் என்றும் முதல் வாக்கியம் கூறுகிறது. அப்படிப் போட்ட உறை இரண்டாக அறுந்தால் ரைஃபிளின் போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் பூட்டி நிற்கும் அடைப்பு) தேய்ந்துவிட்டதாகப் பொருள் என்று இரண்டாவது வாக்கியம் கூறுகிறது. இவ்விரண்டையும் நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தவன்தான் என்பதால், அவை எங்கே பிசகுகின்றன என்பதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

தோட்டா உறை என்பது ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. வெடிக்கும்போது உறையின் மெல்லிய முன்பகுதி விரிந்து சேம்பரின், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின், சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதி அப்படி விரிவதில்லை. அதற்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு தூரம் அது பின்னோக்கித் தள்ளப்படுகிறது. முன்பகுதி பிடித்து நிற்க, பின்பகுதி நகர, இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது அடித்தட்டுக்குச் சற்று மேலே, பித்தளை இழுபட்டு மெலிகிறது. அழுத்தம் தணிந்ததும் உறை மயிரிழை அளவு சுருங்கி, வெளியே இழுக்க இசைவாகிறது. எனவே ஒரு முறை சுட்ட உறை, தான் சுடப்பட்ட சேம்பரின் வார்ப்பு என்றே சொல்லலாம். போல்ட் வகை ரைஃபிள் ஒன்றில் அந்த உறையை மறுபடி எளிதாகப் போட்டு மூடுவதற்கு, அதன் தோளை (உடல் கழுத்தாக ஒடுங்கும் சரிவை) ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு, அதாவது 0.03 முதல் 0.05 மி.மீ. வரை, பின்னுக்குத் தள்ளினால் போதும். கட்டுரையில் சொன்னபடி டையை அடிவரை இறக்கினால் தோள் இதைப் போலப் பல மடங்கு பின்னால் போய்விடும். அடுத்த முறை சுடும்போது உறை அத்தனை தூரத்தையும் மறுபடி நீண்டு நிரப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் மெலிந்துகொண்டே வந்து, ஒரு நாள் அறுந்துபோகும்.

இது எல்லா ரைஃபிளுக்கும் பொதுவென்றாலும், பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவில்தான் மிகக் கூர்மையாகத் தெரியும். மௌசர் குடும்பத்தின் 7.92×57, அமெரிக்காவின் .30-06 போன்ற விளிம்பற்ற தோட்டாக்கள் தோளை முட்டுக்கொடுத்துச் சேம்பரில் நிற்கின்றன. கரும்பொடிக் காலத்தில், 1888-ஆம் ஆண்டு வந்த .303, அடியிலுள்ள விளிம்பை முட்டுக்கொடுத்து நிற்கிறது; 1891-இன் மோசின் நகாண்ட் தோட்டாவும் அவ்வாறே. ஹெட்ஸ்பேஸ் என்று நாம் சொல்லும் இடைவெளி .303 ரைஃபிளில் அந்த விளிம்புக்கான இடம் மட்டுமே. ராணுவ அளவுகோலில் அது 1.63 மி.மீ. முதல் 1.88 மி.மீ. வரை இருக்கலாம். தோள் எங்கே நிற்கிறது என்பதை அந்த அளவுகோல் கேட்பதே இல்லை. எந்தத் தொழிற்சாலையில் செய்த தோட்டாவானாலும், பதுங்குகுழிச் சேறு ஒட்டியிருந்தாலும், தடையின்றி உள்ளே போய் வெளியே வர வேண்டும் என்பதே ராணுவத்தின் கவலை. ஆகவே தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டுச் சேம்பரைக் குடைந்தார்கள். சுட்ட உறையைப் பொறுக்கி மறுபடி நிரப்புவது போர்வீரனின் வேலையன்று. நமக்குக் கிடைக்கும் டையோ, எவ்வளவு இறுக்கமான சேம்பரிலும் தோட்டா நுழைய வேண்டும் என்று சிறிய அளவுக்குச் செய்யப்பட்டது. சேம்பர் பெரிய பக்கம், டை சிறிய பக்கம். நடுவே அகப்பட்டு இழுபடுவது பித்தளை.

கட்டுரையாளரின் இரண்டாவது வாக்கியம் இங்கேதான் தவறுகிறது. லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளின் போல்ட் முனை தனியே திருகிக் கழற்றக்கூடியது. 0, 1, 2, 3 என்று எண் பொறித்து, ஒன்றைவிட ஒன்று நீளமாகச் செய்தார்கள். பழுது பார்ப்போர் ஹெட்ஸ்பேஸ் கூடிய ரைஃபிளுக்கு அடுத்த எண்ணை மாற்றிச் சரிசெய்தனர். உறை அறுந்தவுடன் பெரிய எண் முனையைத் தேடி அலையும் நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் விளிம்பின் இடைவெளி குறையும் என்பது உண்மை. ஆனால் விளிம்பு ஏற்கெனவே வரம்புக்குள் இருந்து, தோளுக்கு முன்னால் வெற்றிடம் இருந்தால், முனை மாற்றியும் உறை அறுந்துகொண்டுதான் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. இந்த ரைஃபிளின் போல்ட்டைப் பூட்டும் காதுகள் மௌசரைப் போல முன்னால் இல்லாமல் பின்னால் இருப்பதால், சுடும் கணத்தில் போல்ட்டும் அதைத் தாங்கும் உடலும் சிறிது நெகிழ்கின்றன. அது பழுதன்று, அந்த வடிவமைப்பின் இயல்பு. உறையின் நீட்சியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு லீ என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ரைஃபிளும் ஒரு நம்பர் 4 ரைஃபிளும் இருந்தன. இரண்டுக்கும் ஒரே பெட்டி உறைகளைக் கலந்து, ஒவ்வொரு முறையும் டையில் அடிவரை அழுத்திப் பயன்படுத்தினேன். நான்காவது சுற்றிலேயே சில உறைகளின் அடித்தட்டுக்கு மேலே பளபளப்பான ஒரு மெல்லிய வளையம் தெரிந்தது. டையின் வாய் உரசிய அடையாளம் என்று எண்ணி விட்டுவிட்டேன். ஐந்தாவது சுற்றில் போல்ட்டை இழுத்தபோது ஒரு விரற்கடை உயரமுள்ள அடித்துண்டு மட்டும் வெளியே வந்து விழுந்தது. மீதி உறை சேம்பருக்குள்ளேயே நின்றது. அறியாமல் அடுத்த தோட்டாவைத் தள்ளியிருந்தால் அது பாதியில் இறுகியிருக்கும். உடைந்த உறையை எடுக்கும் கருவியைச் செருகி அதை வெளியேற்றினேன். பிறகு எஞ்சிய உறைகளைச் சோதித்தேன். ஒரு மெல்லிய கம்பியின் நுனியைச் சற்றே கூராக்கி, கொக்கி போல வளைத்து, உறையின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்த்தால், மெலிந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவது விரலுக்கு நன்றாகத் தெரியும். பெட்டியில் பாதிக்குமேல் அப்படியே இருந்தன. இரண்டு ரைஃபிள்களையும் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது இரண்டின் ஹெட்ஸ்பேஸும் வரம்புக்குள்தான் இருந்தது. குற்றம் என் டையில், இன்னும் சரியாகச் சொன்னால் அதை நான் இறக்கிய ஆழத்தில் இருந்தது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் சேம்பர் ஒன்றாக இராது என்பதற்கு வரலாறே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. முதல் உலகப் போரில் கனடாப் படையினர் ஏந்திய ராஸ் ரைஃபிளும் .303 தோட்டாவுக்கானதுதான், குறிபார்த்துச் சுடுவோர் அதை மிகவும் மெச்சினர். ஆனால் அதன் சேம்பர் இறுக்கமாகக் குடையப்பட்டது. போர்க்கால அவசரத்தில் பிரிட்டனில் செய்யப்பட்ட தோட்டாக்கள் சில அளவு மீறியவை. லீ என்ஃபீல்டின் தாராளச் சேம்பர் அவற்றை ஏற்றது, ராஸ் ஏற்கவில்லை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போரில் இறுகிப்போன போல்ட்டைக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்த லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு ராஸை வீசிய வீரர்கள் பலர். பின்னர் ராஸ் ரைஃபிள்களின் சேம்பரை அகலப்படுத்தினார்கள். ஆனாலும் 1916-க்குள் அது காலாட்படையின் கையிலிருந்து போய்விட்டது. இன்று சேகரிப்பவர் கையில் இருக்கும் ராஸ் அகலப்படுத்தப்பட்டதா, பழைய இறுக்கத்தோடு இருப்பதா என்பது சுட்ட உறையை அளந்தால்தான் தெரியும். அகலப்படுத்திய ராஸில் சுட்ட உறை, உடற்பகுதியை நன்கு ஒடுக்காமல் இறுக்கமான வேறொரு .303 சேம்பருக்குள் போகாது. அங்கே கழுத்தை மட்டும் ஒடுக்கும் டை உதவாது.

எனவே டையை எவ்வளவு இறக்குவது என்பதை டையோடு வரும் தாள் சொல்ல முடியாது. அந்தந்த ரைஃபிளின் சேம்பர்தான் சொல்ல வேண்டும். நான் இப்போது செய்வது இதுதான். அந்த ரைஃபிளிலேயே சுட்ட உறை ஒன்றை எடுத்து, தோளில் மெழுகுவர்த்திப் புகையைப் படியவைத்து, டையை உறைதாங்கியிலிருந்து நாணயத் தடிமனுக்கு உயர்த்தி வைத்து அழுத்துகிறேன். ரைஃபிளில் போட்டு போல்ட்டை மூடிப் பார்க்கிறேன். பிறகு டையைச் சிறிது சிறிதாக இறக்குகிறேன். இங்கே புதியவர்கள் குழம்பும் ஒரு கட்டம் வரும். டை முதலில் உடலைத்தான் நெரிக்கிறது. நெரிபட்ட பித்தளை போக வேறு இடமின்றித் தோளை முன்னே தள்ளுகிறது. ஆகவே பாதி அழுத்திய உறை, அழுத்தாத உறையைவிட இறுக்கமாக நிற்கும். டை கெட்டுவிட்டதோ என்று பயந்து பலர் இந்த இடத்தில்தான் ஒரே திருகாக அடிவரை இறக்கிவிடுகிறார்கள். பொறுமையாக இன்னும் சிறிது இறக்கினால், புகைக்கரியில் டையின் தடம் விழும். அதற்கடுத்த சிறு திருகலில் போல்ட் லேசான தடையோடு மூடும். அங்கேயே பூட்டுவளையத்தை இறுக்கிவிட வேண்டும்.

அந்த லேசான தடையைக் கை உணர வேண்டுமானால், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் சுடுமுள்ளையும் அதன் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டுச் சோதிப்பதே நல்லது. மௌசர் 98 போல்ட்டைத் திறக்கும்போதே ஸ்பிரிங் அழுந்திவிடும்; கடைசி மூடலில் கைக்கு ஓரளவு உணர்வு கிடைக்கும். லீ என்ஃபீல்டிலும் ஸ்வீடனின் 96 மாதிரி மௌசரிலும் மூடும்போதுதான் ஸ்பிரிங் அழுந்துகிறது. ஸ்பிரிங்கின் எதிர்ப்பையே உறையின் எதிர்ப்பாக எண்ணி ஏமாறுவது எளிது. உறைக்குத் தடவும் எண்ணெயிலும் கவனம் வேண்டும்: குறைந்தால் உறை டைக்குள் சிக்கிக்கொள்ளும், மிகுந்தால் தோளில் குழி விழும். சுடுமுன் அதை முழுமையாகத் துடைத்துவிட வேண்டும், ஏனெனில் எண்ணெய் படிந்த உறை சேம்பர் சுவரைப் பற்றாமல் தன் முழு விசையையும் போல்ட்டின் மேல் இறக்கும்.

ஒரே வகைத் தோட்டாவுக்கு இரண்டு மூன்று ரைஃபிள் வைத்திருப்பவருக்கு இரு வழிகள் உண்டு. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனி உறைகளும் தனித்தனி டை அமைப்பும் வைத்துக்கொள்ளலாம். அல்லது எல்லாவற்றிலும் இறுக்கமான சேம்பருக்கு அளவாக்கி, மற்றவற்றில் உறையின் ஆயுள் குறைவதை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவது வழியைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பவர் எத்தனை முறை சுட்ட உறை என்று கணக்கு வைத்து, கம்பிச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதிருக்க வேண்டும்.

புத்தம் புதிய உறையின் முதல் சுடுதலிலேயே பெரும் நீட்சி நிகழ்ந்துவிடுகிறது என்பதையும் கட்டுரை தொடவில்லை. விளிம்புள்ள உறைக்கு, விளிம்பின் முன்னால் ஒரு சிறிய ரப்பர் வளையத்தை மாட்டிப் போட்டால், அது அடித்தட்டைப் போல்ட் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்; அடி பின்னால் நகராமல் தோள் முன்னால் நகர்ந்து சேம்பரை நிரப்பும். விளிம்பற்ற உறைக்கு, கழுத்தை முதலில் அகலமாக்கி, பிறகு போல்ட் இறுக்கமாக மூடும் அளவுக்கு மட்டும் ஒடுக்கி, கழுத்தின் அடியில் ஒரு பொய்த்தோளை உண்டாக்கலாம். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே. முதல் சுடுதலில் அடியைக் காப்பாற்றிய உறை, பின்னர் கவனமாக அளவாக்கப்பட்டால், பல சுற்றுகள் வரும். கழுத்து வெடிக்கத் தொடங்குவது வேறு சங்கதி. மீண்டும் மீண்டும் ஒடுக்கிய பித்தளை கடினமாகிவிடுவதால் நேர்வது அது. கழுத்தை மட்டும் சூடாக்கி மென்மைப்படுத்தினால் தீரும். அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது.

தோளைக் குறைவாகத் தள்ளும் இந்த முறை, அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லாமல் விட்டால் நானும் கட்டுரையாளர் செய்த பிழையையே செய்தவனாவேன். எம்1 காரண்ட் ரைஃபிளில் போல்ட்டைக் கை மூடுவதில்லை, ஸ்பிரிங் மூடுகிறது. அதன் சுடுமுள்ளோ எந்த ஸ்பிரிங்கும் பிடித்து வைக்காதது. இறுக்கமான உறையால் போல்ட் முழுதும் பூட்டாமல் நிற்கும்போது தோட்டா வெடித்தால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. அதற்கு உறையின் உடலை முழு நீளத்துக்கும் ஒடுக்கி, தோளையும் 0.08 முதல் 0.13 மி.மீ. வரை பின்னுக்குத் தள்ளுவது முறை. பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அடித்தட்டுக்கு மேல் துருத்தாமல் பள்ளத்துக்குள் நன்கு அமர்ந்திருக்க வேண்டும். ஒரே .30-06 தோட்டாதான், ஸ்பிரிங்ஃபீல்டு 1903-க்கு ஒரு அளவு, காரண்டுக்கு இன்னொரு அளவு.

அரிய தோட்டாக்களுக்கு வேறு உறையை மாற்றியமைப்பது குறித்து ஒரு சொல். ஜப்பானின் 99 வகை அரிசாகாவுக்கான 7.7×58 உறையையும், ஜெர்மனியின் 7.92×57 உறையையும் .30-06 உறையைக் குறுக்கிச் செய்வது சேகரிப்பாளரிடையே பழகிய வழிதான். ஆனால் 63 மி.மீ. உறையை 58 அல்லது 57-க்குக் குறைக்கும்போது, முன்பு உடலாகவும் தோளாகவும் இருந்த தடித்த பித்தளை புதிய கழுத்தாகிவிடுகிறது. குண்டைப் பொருத்தியபின் அந்தக் கழுத்தின் வெளிவிட்டம் சேம்பரின் கழுத்தை நிரப்பிவிட்டால், சுடும்போது குண்டை விடுவிக்க இடமிராது, அழுத்தம் அபாயகரமாக ஏறும். கழுத்தைக் கடைந்து மெல்லியதாக்குவது இங்கே கட்டாயம். போதாக்குறைக்கு அடித்தட்டில் பழைய பெயரே நிற்கும்; மாற்றிய உறைக்குத் தனி அடையாளம் இடாமல் பெட்டியில் போடுவது பிறருக்குக் கண்ணி வைப்பதுதான்.

உறை பொருந்துவது வேறு, குண்டு பொருந்துவது வேறு என்பதும் இதோடு சேரும். 1888 மாதிரி ஜெர்மானிய ரைஃபிளுக்கான குண்டின் விட்டம் ஏறத்தாழ 8.08 மி.மீ.; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கூர்முனைக் குண்டின் விட்டம் 8.20 மி.மீ. இரண்டுக்கும் உறை ஏறத்தாழ ஒன்றே. எவ்வளவு அழகாக அளவாக்கிய உறையானாலும், குழல் மாற்றப்படாத பழைய ரைஃபிளில் பெரிய குண்டைச் செலுத்தினால் அதனால் பயனில்லை. குழலில் மென்மையான ஈயத்தைத் தள்ளி வெளியே எடுத்து அளந்த பிறகே அத்தகைய ரைஃபிளுக்கு நான் எதையும் நிரப்புவது வழக்கம்.

கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் டையை இறக்கத் தொடங்கியிருப்பார்கள் என்பதால், 'அடிவரை செலுத்தி' என்ற சொற்களுக்கு மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அறுந்து வந்த அந்த அடித்துண்டை இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன். அதன் அறுபட்ட ஓரம் ஒரு பக்கம் காகிதம்போல மெலிந்தும், மறுபக்கம் இன்னும் பாதித் தடிமனோடும் இருக்கிறது. படத்துடன் திருத்தம் வெளியிட விரும்பினால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
பழைய ரைஃபிள்களைப் பராமரிக்கும் தங்கள் வாசகர்